ஆகாயக்கப்பல் சாமிக்கு வைத்த ரொட்டி

எங்கள் தோட்டத்து முனியாண்டி பூசையில் ஆடு வெட்டுவார்கள், சுருட்டு கொளுத்தி வைப்பார்கள், ஸ்டவுட் பீர் பாட்டிலைத் திறந்து சாமி முன்னால் நிறுத்துவார்கள். இதெல்லாம் மலாக்காவில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பார்க்கலாம். எங்கள் தோட்டத்தில் மட்டும் அதற்குப் பிறகு இன்னொரு படையல் உண்டு. கோயிலுக்குப் பின்னால் ஓடையைத் தாண்டிப் போனால் ஒரு நட்ட கல். கல்லில் சாய்த்து வைத்த ஓர் உலோகத் தகடு. அதுதான் ஆகாயக்கப்பல் சாமி. அந்தச் சாமிக்குச் சோறு வைக்க மாட்டோம். தடிமனாக வெட்டிய பெங்காலி ரொட்டி, மார்ஜரின், திறந்த சார்டின் டின், சீனி போடாத காப்பி. வெள்ளைக்காரச் சாமி வேறென்ன சாப்பிடும் என்பார் அப்பா. அவர் இருந்தவரை அந்தப் படையலை வேறு யாரும் போட்டதில்லை. அவருக்குப் பிறகு நான்தான்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிம்பாங் அம்பாட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். தோட்டத்தை விட்டுத் தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், ஒரு வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிறது. ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தாயிற்று, நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தாயிற்று. கோயில் மட்டும் நிற்கிறது. பூசைக்கு மட்டும் எல்லோரும் திரும்பிப் போவோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கோபப்பட்டதில் ஒன்றையாவது தப்பு என்று இதுவரை யாரும் எனக்கு எடுத்துக் காட்டவில்லை.

அந்தச் சாமியின் கதையை அப்பா எனக்குச் சொன்னது இப்படி. ஜப்பான் சண்டை வந்து, வெள்ளைக்காரத் துரைகள் பெட்டி படுக்கையோடு சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மத்தியானம் குண்டு போடுகிற பெரிய ஆகாயக்கப்பல் ஒன்று புகைந்துகொண்டே வந்து ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சதுப்பில் விழுந்தது. என் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, அப்போது பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். அவரும் லயத்து ஆட்கள் சிலரும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. முகம் எது, முதுகு எது என்று தெரியாமல் கருகிக் கிடந்தார்கள். உடைந்த இறக்கையில் பாதி எரிந்த சிவப்பு வட்டம் ஒன்று தெரிந்ததாம். "வெள்ளைக்காரன் பிளேன்லதான் வட்டம் போட்டிருக்கும், நான் பேப்பர்ல பாத்திருக்கேன்" என்று தோட்டத்துக் கிராணி சொன்னார். கிராணி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், இங்கிலீஷ் படித்தவர். அவர் சொன்னால் சொன்னதுதான். காட்டுப்பன்றி இழுக்க விடக்கூடாது என்று ஒரே குழியாக வெட்டி எல்லோரையும் அதில் புதைத்தார்கள். தாத்தாதான் கல்லை நட்டார். கருகிக் கிடந்த தகடு ஒன்றை எடுத்து அதில் சாய்த்து வைத்தார். அகாலத்தில் செத்தவனை அப்படியே விட்டால் ஊரைச் சுற்றுவான், படையல் போட்டு உட்காரவைத்தால் காவல் இருப்பான். எங்கள் ஆட்களின் நம்பிக்கை அது.

கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் தோட்டத்துக்குள் வந்துவிட்டான். சிப்பாய்கள் லயத்து முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, விழுந்த ஆகாயக்கப்பல் எங்கே, அதில் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாயைப் புதைத்தவன் என்று தெரிந்தால் கழுத்தில் தலை இருக்காது என்று நம் ஆட்களுக்குப் பயம். சதுப்பில் முக்கால்வாசி அமிழ்ந்துபோன ஆகாயக்கப்பலின் மேல் ஏற்கெனவே லாலான் புல்லையும் மரக்கிளைகளையும் போட்டு மூடிவிட்டிருந்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் நின்ற தாத்தாவைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். தலைக்கு மேல் மரத்துண்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி வெயிலில் நிறுத்தினார்கள். "எனக்கு ஒன்னும் தெரியாது தொரே" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அப்பா அப்போது அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வயது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பிறகு சயாமில் ரயில் தண்டவாளம் போட ஆள் பிடித்தபோது, தாத்தாவைத்தான் முதலில் லாரியில் ஏற்றினார்கள். போனவர் போனவர்தான். எங்கே செத்தார், எப்படிச் செத்தார், யாராவது புதைத்தார்களா, ஒரு தகவலும் வரவில்லை.

அதனால் அப்பா அந்தச் சாமியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒவ்வொரு வருஷமும் ரொட்டியை வைத்துவிட்டுத் தகட்டைப் பார்த்துச் சத்தமாகவே சொல்வார்: "நீ யாரு பெத்த புள்ளையோ, ஒன்ன இங்க நான் பாத்துக்கிறேன். எங்கப்பன் சயாம்ல எந்தக் காட்டுல கெடக்கறாரோ, அங்க எவனாச்சும் ஒருத்தன் அவருக்கு ஒரு வாய் வைக்கணும். நீதான் அதுக்கு ஜவாப்தாரி." சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருக்கும். வளர்ந்தபிறகுதான் அதன் கனம் புரிந்தது. தாத்தாவுக்குத் திதி கொடுக்க நாள் தெரியாது. சமாதி கிடையாது. ஒரு போட்டோகூட இல்லை. இந்தப் பூமியில் அவரைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தடவையாவது பேசப்பட்ட இடம் அந்தக் கல் மட்டும்தான். அந்தக் கல் போனால் அவர் பேச்சும் போய்விடும்.

அப்பா தகட்டின்மேல் எண்ணெய், சந்தனம், குங்குமம் என்று பூசிக்கொண்டேதான் போவார், தேய்க்க விடமாட்டார். "சாமி மூஞ்சிய யாராச்சும் சொரண்டுவாங்களா?" என்பார். ஒவ்வொரு வருஷத்துப் பூச்சும் சேர்ந்து விரல் தடிமனுக்கு மேலோடு கட்டியிருந்தது. அவர் இறந்த பிறகு வந்த பூசைக்கு இடத்தைச் சுத்தம் செய்யப் போனேன். அந்த மேலோட்டுக்குள் எறும்பு குடியேறியிருந்தது. அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கரைத்த புளியும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து, அந்தக் காலைப் பொழுது முழுக்கத் தேய்த்தேன். கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் வந்தது. சாம்பல் நிறத்தில் எழுத்து வந்தது. இங்கிலீஷ் எழுத்தாக இருக்கும், இந்த வெள்ளைக்காரனின் ஊர் பேராவது தெரியும் என்று குனிந்து பார்த்தால், கட்டம் கட்டமாகக் கோடுகள். சீனக் கடைப் பலகையில் இருக்குமே, அந்த மாதிரி.

தகட்டைத் துணியில் சுற்றி வேனில் போட்டுக்கொண்டு, எனக்குப் பழக்கமான இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். அந்தக் கடைச் சீனரை நான் தவுக்கே என்றுதான் கூப்பிடுவேன். இங்கே சீன முதலாளிகளை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் பேச்சு மலாயும் கொஞ்சம் தமிழும் கலந்த பேச்சு.

"பாதி எங்க எழுத்து. நடுவுல இந்தச் சின்னச் சின்ன எழுத்து இருக்கு பாரு, இது எங்களுது இல்ல" என்றார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தகட்டை என் பக்கம் தள்ளினார். "ஜெப்புன் லா. ஜெப்புன்காரன் சாமான். எங்கேர்ந்து எடுத்த?"

"கோயில்ல" என்றேன்.

"கும்பிடறியா இத?"

அவர் குடும்பத்திலும் ஜப்பான்காரன் இழுத்துக்கொண்டு போய்த் திரும்பாதவர்கள் உண்டு. அவர் கேட்டதில் கேலி இல்லை. அதனால்தான் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கிராணியையா, ஜப்பான் கொடியில் இருக்கிற அந்தச் சிவப்பு வட்டத்தையா? ஜப்பான்காரன் தன் ஆட்களைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். அவனுடைய பிணத்தை அவனிடமிருந்தே மறைத்து, அதற்காக அடி வாங்கி, அதற்காகவே லாரியில் ஏறியிருக்கிறார் என் தாத்தா. "அதோ அங்கதான் பொதைச்சிருக்கோம்" என்று கையைக் காட்டியிருந்தால் அவருக்குச் சலாம் வைத்திருப்பார்கள், ஒரு மூட்டை அரிசிகூடக் கொடுத்திருப்பார்கள். அட கொடுமையே! இப்படியும் ஒரு மனுஷனுக்கு நடக்குமா?

எங்கள் பெரியப்பா மகன்தான் கோயில் கமிட்டித் தலைவர், எனக்கு அண்ணன் முறை. அவரிடம் மட்டும் சொன்னேன். "யாருகிட்டயும் மூச்சு விடாதம்மா" என்றார். ஆனால் தவுக்கே கடையில் தகட்டை நாலு பேர் பார்த்திருந்தார்கள், போட்டோவும் எடுத்திருந்தார்கள். கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் அன்று சாயங்காலமே தீப்பிடித்துக்கொண்டது. ஜப்பான்காரனுக்கா இத்தனை வருஷம் படையல் போட்டோம், வெட்கம் இல்லையா, கல்லைப் பிடுங்கி ஓடையில் போடுங்கள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எல்லோரையும்விடச் சத்தம் போட்டவர் லாரி ஓட்டுகிற ஒரு மாமா. பாராங் கத்தியும் கடப்பாரையுமாக நாளைக்கே போகலாம் என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கல்லை உடைக்க வேண்டும் என்று அவருக்கு முன்னால் நினைத்தவள் நான். அன்று மத்தியானமே போய் அதன் முன்னால் நின்று, "தின்னீங்கள்ல எங்க அப்பன் வச்ச ரொட்டிய, தொண்டைல எறங்குச்சா?" என்று கத்திவிட்டு வந்தவள். ஆனால் இன்னொருத்தர் கடப்பாரை தூக்குகிறேன் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது யார் நட்ட கல்? "எங்க தாத்தா நட்டது. நான் திட்டுவேன், துப்புவேன், அது என் பாடு. வேற எவன் கை வச்சாலும் வேனை மேல ஏத்திருவேன்" என்று பதிலுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். குரூப் கப்பென்று அடங்கிவிட்டது.

அந்தப் போட்டோ ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவி எங்கெங்கோ போயிருக்கிறது. சில மாதம் கழித்து ஒரு மலாய்க்காரர் என்னைத் தேடி வந்தார். தங்கா பத்துவில் குடியிருக்கிறவர், இளம் வயதில் ஜப்பானில் படித்துவிட்டு வந்தவர். சண்டையில் காணாமல் போனவர்களைத் தேடுகிற குடும்பங்களுக்கு ஜப்பான் மொழியில் உதவி செய்கிறவர். தகட்டில் இருந்த எழுத்தை வைத்து அது எந்த ஆகாயக்கப்பல் என்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்றார். அதில் போன ஒருவரின் மகள் இன்னும் உயிரோடு இருக்கிறாராம். அப்பா சண்டைக்குப் போனபின் பிறந்த பிள்ளை. அவரும் மற்றவர்களின் சொந்தக்காரர்களும் வரவேண்டும் என்கிறார்கள், கிடைக்கிற எலும்பை எடுத்துப் போக வேண்டும் என்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"என்னைக் கேட்டா விழுந்தாங்க?" என்றேன். அவர் சிரிக்காமல் காத்திருந்தார். நல்ல மனுஷர். "வரட்டும். வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும். பெத்தவங்களுக்கு ஒரு மகள்தான் வந்து அழணும்" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் அப்பா சயாமுக்குப் போய்த் தேட யார் இப்படிக் கதவைத் தட்டிக் கேட்டார்கள்?

அனுமதி கேட்பது, காகிதம் போடுவது எல்லாம் அவர்கள் பாடு. அவர்கள் வந்த அன்று மலாக்கா ஓட்டலிலிருந்து ஒரு வேன் நேராகக் கோயில் வாசலுக்கு வந்தது. அண்ணன் வேட்டி கட்டி, மாலையோடு நின்றார். எனக்கு அது ஆகவில்லை. இறங்கியவர்களில் அந்த மகள் யார் என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. கைத்தடி ஊன்றிக்கொண்டு, மாலை போட வந்த அண்ணனைத் தாண்டி, கோயிலுக்குப் பின்னால் இருந்த மரங்களையே பார்த்துக்கொண்டு வந்த ஒரு சின்ன உருவம். என் அப்பா இருந்திருந்தால் கிட்டத்தட்ட அந்த வயதுதான் இருக்கும்.

தோண்டுகிற வேலையை அவர்களோடு வந்தவர்களே கரண்டியும் தூரிகையுமாகப் பொறுமையாகச் செய்தார்கள். முடிய நாலைந்து நாளாயிற்று. எங்கள் மண் எதையும் அதிகம் மிச்சம் வைப்பதில்லை. சில பற்கள், தொடை எலும்புத் துண்டுகள், துருப்பிடித்த பெல்ட் கொக்கிகள். யாருடையது எது என்று தெரியாது. எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் எடுத்து வைத்தார்கள். அந்த மகள் தினமும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. நான் தினமும் வேன் வேலை முடிந்ததும் போய் அவருக்கு எதிரே நின்றேன். நானும் அழவில்லை.

கடைசி நாள் அவர்கள் ஒரு சின்ன மேசை போட்டு ஊதுவத்தி ஏற்றினார்கள். மகள் பையிலிருந்து இலையில் கட்டிய சோற்றுருண்டையை எடுத்து வைத்தார். ஓட்டலில் சொல்லிச் செய்து வாங்கினாராம். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். இத்தனை வருஷம் நீங்கள் இவர்களுக்கு என்ன வைத்தீர்கள் என்று கேட்கிறார் என்றார் மலாய்க்காரர்.

"ரொட்டி" என்றேன். "ரொட்டி, மார்ஜரின், சார்டின். வெள்ளைக்காரன்னு நெனச்சோம்."

அதைக் கேட்டதும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தால், சிரிக்கிறார். தன் அப்பாவுக்கு ரொட்டி என்றாலே ஆகாது என்று தன் அம்மா சொல்லுவார், வீட்டில் ரொட்டி வாங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம் என்றார். மலாய்க்காரர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவிகள்! சோறு சோறு என்று எத்தனை வருஷம் பசியோடு உட்கார்ந்திருந்தார்களோ, நாங்கள் விடாமல் ரொட்டியை வைத்திருக்கிறோம். கமிட்டி ஆட்களும் சிரித்தார்கள். எல்லோருக்கும் மனசு லேசானது போல் இருந்தது.

அந்த மகள் கைத்தடியை வைத்துவிட்டு, அத்தனை வயதில், மண்ணில் மண்டியிட்டு என்னை நோக்கித் தலை தரையில் படக் குனிந்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படி ஒரு கும்பிடோடு இது முடிந்துவிடுமா? சிரித்தோம், கும்பிட்டோம், வேனில் ஏறினோம் என்று ஆகிவிடுமா? என் தாத்தாவின் பேச்சை அங்கே ஒருத்தரும் எடுக்கவில்லை.

"எந்திரிக்கச் சொல்லுங்க" என்றேன். "எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க. நான் ஒன்னு சொல்லணும்."

அண்ணன் கிட்டே வந்து, "வேணாம்மா. விருந்தாளி. வயசானவங்க" என்றார்.

"எங்கப்பாவுக்கும் இந்த வயசுதான்ணே" என்றேன்.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபின் சொன்னேன். குழி வெட்டியது யார், கல் நட்டது யார், அவர்களுடைய சிப்பாய்கள் வந்து கேட்டபோது வாயைத் திறக்காதது யார், எதனால் திறக்கவில்லை, துப்பாக்கிக் கட்டை எங்கே விழுந்தது, லாரியில் முதலில் ஏறியது யார். மலாய்க்காரர் நடுவில் நிறுத்தி, "கக், இதெல்லாம் சொல்லத்தான் வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். கக் என்றால் மலாயில் அக்கா. "சொல்லுங்க தம்பி. ஒரு வார்த்தை கொறையாம சொல்லுங்க. அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போக வந்தவங்க, அப்பாவ யாரு பாத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போகட்டும்" என்றேன். அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல்தான் உடைந்தது.

அந்த அம்மா நான் நினைத்தது எதையும் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் கத்தியிருப்பேன். என் அப்பா இந்த ஊரின்மேல் குண்டு போடத்தான் வந்தார், அது எனக்குத் தெரியும் என்றார். பிறகு, உங்கள் தாத்தா எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

"யாரும் போய்த் தேடவில்லையா?"

"யாரு போவா? எங்கப்பா பால்மரம் வெட்டினாரு. லீவு போட்டா அன்னிக்கிச் சம்பளம் இல்ல."

அந்த அம்மா கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். எனக்காவது ஓர் இடம் இருந்தது என்றாராம். அவ்வளவுதான். தகட்டையும் அவருக்கே கொடுத்துவிட்டேன். அது அவர்கள் சாமான்.

அவர்கள் போனதும் கமிட்டி கூடியது. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. குழியை மூடியாயிற்று, எலும்பு போயிற்று, தகடு போயிற்று, இனிமேல் வெறுங்கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தோட்ட நிர்வாகம் அந்தப் பக்கம் புதுக் கன்று நடப்போகிறது, நாமே எடுத்துவிட்டால் மரியாதை என்று முடிவு. பூசை முடிந்ததும் கல்லை எடுப்பது என்று குரூப்பில் செய்தி வந்தது. படித்தேன். பதில் எழுதவில்லை. நான் பதில் எழுதாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பூசையன்று விடியற்காலையில் எழுந்து சமைத்தேன். தாத்தாவுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்ல உயிரோடு யாரும் இல்லை. அதனால் எனக்குப் பிடித்ததைச் செய்தேன்: நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் பிரட்டல், சோறு. சோறு மட்டும் தாராளமாக வடித்தேன். முனியாண்டிக்கு ஆடு வெட்டி, தீபம் காட்டி முடிந்ததும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். பின்னால் அண்ணன் வந்தார். அவருக்குப் பின்னால் கமிட்டியும், கடப்பாரையோடு லாரி மாமாவும்.

நான் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, வாழை இலையை விரித்தேன்.

"யாருக்கு எலை போடுற?" என்றார் அண்ணன். "அவங்களத்தான் எடுத்துட்டுப் போய்ட்டாங்கள்ல. அங்க என்னா இருக்கு?"

"தாத்தாவுக்குப் போடுறேன். ஒங்களுக்கும் தாத்தாதான்."

"அவரு இங்கயா கெடக்காரு? அவரு சயாம்ல..."

"அப்ப சயாம்ல எந்த எடம்னு சொல்லுங்கண்ணே. அங்க போய்ப் போடுறேன். வேன்ல பெட்ரோல் இருக்கு."

நான் சோற்றைப் போட்டேன், குழம்பை ஊற்றினேன். "இத்தன வருசம் யாருன்னு தெரியாமப் போட்டோம். இப்ப யாருன்னு தெரிஞ்சு போடுறேன். இந்தக் கல்ல நட்டவரு இவரு. இங்கேர்ந்துதான் அவர லாரில ஏத்துனாங்க. அவருக்குன்னு எனக்குக் கடைசியா மிச்சம் இருக்கிற எடம் இது. எடுக்கணும்னா எடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன், என்னையும் சேத்து எடுங்க" என்று கல்லுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

லாரி மாமா கடப்பாரையை மண்ணில் ஊன்றிவிட்டு அப்படியே நின்றார். தலையைச் சொறிந்தார். "எங்க அப்பாவோட அண்ணனும் சயாமுக்குத்தான் போனாரு" என்றார். "கல்யாணம்கூட ஆவல. அவருக்குன்னு யாருமே ஒன்னும் செஞ்சதில்ல. அவருக்கும் ஒரு எலை போடலாமா?"

"எலை அந்தப் பையில இருக்கு மாமா. நான் என்ன இந்த எடத்தக் குத்தகைக்கா எடுத்திருக்கேன்? போடுங்க" என்றேன்.

அவர் இலையை விரித்ததும், பின்னால் நின்ற ஓர் அக்கா, தன் தாத்தாவுக்கும், மாமன்கள் இரண்டு பேருக்கும் என்றார். இன்னொருவர் யார் பேரையோ சொல்லத் தொடங்கி, பேர் தெரியாமல் நிறுத்திவிட்டார். தன் அம்மாவின் அப்பா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அவருக்கும் ஓர் இலை போட்டோம்.

அண்ணன் மட்டும் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். கோபம் இல்லை, குழப்பம்தான். "சாமிக்குப் பூசை போடுற எடம்மா இது. இங்க செத்தவங்களுக்கு எலை போட்டா ஊரு என்னா சொல்லும்? இவங்கல்லாம் சாமியா?"

"குண்டு போட வந்தவன் எம்பது வருசம் இங்க சாமியா இருந்தான்ல? அவனப் பொதைச்சவரு சாமி ஆகக்கூடாதாண்ணே?"

அண்ணன் என்னைப் பார்த்தார், இலைகளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து, எங்கள் தாத்தாவின் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லி, அந்தக் கல்லில் தேங்காயை உடைத்தார்.